ஊரில் படித்தது வீண்போகாது: பிள்ளைகளுக்கான கேத்திரகணிதச் சொற்கள்



இந்த முறை படிவங்களையும் விசாரணைத் திகதிகளையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளின் பாடத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு தாய் வந்தார். வேலை அனுமதிப் பத்திரம் பற்றிக் கேட்க வந்தவர், எழும்பிப் போகும் நேரத்தில் கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகனின் கணிதச் சோதனைத் தாள். பையனுக்குப் பத்து வயது, 5ஆம் வகுப்பு. பத்துக் கேள்விகளில் இரண்டுக்குத்தான் விடை எழுதியிருந்தான்.

"ரீச்சர், ஊரிலை இவன் கணக்கிலை முதலாம் பிள்ளை. இஞ்சை வந்து ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கிறான். ஏசியும் பாத்திட்டன். மூளையிலை ஏதும் குறையோ எண்டு பயமாக் கிடக்கு."

பையனைப் பக்கத்தில் இருத்தி, அதே பத்துக் கேள்விகளையும் தமிழில் கேட்டேன். "இந்த உருவத்திலை சமாந்தரப் பக்கங்கள் எவை?" உடனே விரலால் காட்டினான். "சமச்சீர் அச்சு எத்தினை?" கோடு கீறியே காட்டினான். "இது என்ன கோணம்?" "விரிகோணம்." ஒன்பது சரி. பிழைத்த ஒன்றும் அவசரத்தில் பிழைத்ததுதான்.

"பிறகேன் தம்பி எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"அந்தச் சொல்லு என்னெண்டு தெரியாது ரீச்சர். கேக்க வெக்கமா இருந்தது."

தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாகப் பிள்ளையை ஏசியதை நினைத்திருப்பார். (குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்தப் பாடத்தை எழுதுவது அந்தத் தாய்க்கும் உங்களுக்கும்தான். உங்கள் பிள்ளைக்குக் கணிதம் தெரியும். தெரியாமல் இருப்பது ஒரு நாற்பது சொற்கள். அவற்றை வீட்டில் இருந்தே சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்றில்லை.

முதலில் சில தகவல்கள்

- ஒன்ராறியோவின் கல்விச் சட்டம், பிரிவு 49.1: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கனடாவில் சட்டபூர்வ வதிவுரிமை இல்லை என்ற காரணத்துக்காகப் பாடசாலையில் சேர்க்காமல் விட முடியாது. உங்கள் கோரிக்கையின் முடிவு வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கத் தேவையில்லை.
- இங்கே பிள்ளையை வயதுப்படிதான் வகுப்பில் விடுவார்கள். ஆங்கிலம் தெரியாது என்று கீழ் வகுப்புக்கு இறக்குவது வழக்கமில்லை. ஆகவே பிள்ளை தன் வயதுக்குரிய கணிதத்தையே, புதுமொழியில், முதல் நாளில் இருந்து சந்திக்கிறது.
- 2020 இல் வந்த ஒன்ராறியோ கணிதப் பாடத்திட்டத்தில் கேத்திரகணிதமும் அளவீடும் சேர்ந்து ஸ்பேஷியல் சென்ஸ் என்ற ஒரே பிரிவாக இருக்கின்றன. பிள்ளையின் தாளில் இந்தப் பெயரைக் கண்டால் அது இந்தப் பாடம்தான். 4ஆம் வகுப்பில் செவ்வகத்தின் இயல்புகள், 5ஆம் வகுப்பில் முக்கோணிகளும் பாகைமானியும், 6ஆம் வகுப்பில் நாற்பக்கல்கள் என்று போகும்.
- 3ஆம், 6ஆம் வகுப்புகளில் ஈ.கியூ.ஏ.ஓ. என்ற மாகாணச் சோதனை உண்டு. அதன் புள்ளி அந்த வகுப்புகளின் றிப்போர்ட் காட்டில் சேராது. அதற்காகப் பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம்.

கீழே முதலில் இலங்கைப் புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல், பிறகு இங்கே வகுப்பில் கேட்கும் சொல். தமிழ்நாட்டு முகாம்களில் படித்து வந்த பிள்ளைகளுக்குச் சில சொற்கள் வேறாக இருக்கும். அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

1. கோடுகளும் கோணங்களும்

புள்ளி – பொயின்ட்
கோட்டுத்துண்டம் – லைன் செக்மென்ட்
சமாந்தரக் கோடுகள் (தமிழ்நாட்டில் இணைகோடுகள்) – பாரலல் லைன்ஸ்
வெட்டும் கோடுகள் – இன்டர்செக்டிங் லைன்ஸ்
செங்குத்துக் கோடுகள் – பெர்பெண்டிகுலர் லைன்ஸ்
கூர்ங்கோணம் (குறுங்கோணம்) – அக்யூட் ஆங்கிள், 90 பாகைக்குக் குறைவு
செங்கோணம் – றைற் ஆங்கிள், சரியாக 90 பாகை
விரிகோணம் – ஒப்டியூஸ் ஆங்கிள், 90க்கும் 180க்கும் இடையில்
நேர்கோணம் – ஸ்ட்ரெயிட் ஆங்கிள், 180 பாகை

வீட்டில் செய்து பாருங்கள்: கடை விளம்பரத் தாளில் ஒரு துண்டைக் கிழியுங்கள். ஓரம் கோணலாகவே இருக்கட்டும். ஒருமுறை மடியுங்கள். மடித்த விளிம்பு ஒரு நேர்கோடு. அந்த விளிம்பு தன்மேல் தானே பொருந்தும்படி இன்னொருமுறை மடியுங்கள். இப்போது கிடைத்த மூலை செங்கோணம். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வீடு முழுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு மூலை பொருந்தும். பாதி திறந்த கத்தரிக்கோல் பொருந்தாது. அது சிறிதென்றால் அக்யூட், பெரிதென்றால் ஒப்டியூஸ். பாகைமானி வாங்கக் காசில்லாத மாதத்திலும் இந்தப் பாடம் நடக்கும்.

2. தட்டை உருவங்கள்

முக்கோணி (முக்கோணம்) – ட்ரையாங்கிள்
சமபக்க முக்கோணி – ஈக்விலேட்டரல்
இருசமபக்க முக்கோணி – ஐசோசிலிஸ்
மூன்று பக்கமும் வேறான முக்கோணி – ஸ்கேலீன்
நாற்பக்கல் (நாற்கரம்) – குவாட்ரிலேட்டரல்
சதுரம் – ஸ்குவெயர்
செவ்வகம் – றெக்டாங்கிள்
இணைகரம் – பாரலலோகிராம்
சாய்சதுரம் – றொம்பஸ்
சரிவகம் – ட்ரபிசோயிட்
ஐங்கோணி – பென்டகன், அறுகோணி – ஹெக்ஸகன், எண்கோணி – ஒக்டகன்
பல்கோணி (பலகோணம்) – பொலிகன்
மூலைவிட்டம் – டயகனல்
சமச்சீர் அச்சு – லைன் ஒஃப் சிமெற்றி
வட்டம் – சேர்க்கிள், விட்டம் – டயமீட்டர், ஆரை (ஆரம்) – றேடியஸ்

இங்கே சிறு வகுப்புகளில் பற்றேர்ண் புளொக்ஸ் என்று நிறக்கட்டைகள் கொடுப்பார்கள். ஊரில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இவற்றைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆறு வகைக் கட்டைகள்: மஞ்சள் அறுகோணி, சிவப்புச் சரிவகம், நீலச் சாய்சதுரம், பச்சை முக்கோணி, செம்மஞ்சள் சதுரம், மண்ணிற ஒடுங்கிய சாய்சதுரம். இரண்டு பச்சை சேர்ந்தால் ஒரு நீலம். மூன்று பச்சை ஒரு சிவப்பு. ஆறு பச்சை ஒரு மஞ்சள். ரீச்சர் இந்தக் கட்டைகளை வைத்தே பின்னமும் படிப்பிப்பார். ஒரு மஞ்சளில் ஒரு பச்சை ஆறில் ஒன்று. ஆகவே இந்தப் பெயர்கள் தெரியாத பிள்ளை பின்னத்திலும் பின்தங்கிப் போகும். சீரியல் பெட்டி மட்டையை வெட்டி, நிறம் தீட்டி, வீட்டிலேயே ஒரு தொகுதி செய்துகொள்ளுங்கள்.

3. பெட்டிகளும் பேணிகளும்

சதுரமுகி (கனசதுரம்) – கியூப்
கனவுரு (கனசெவ்வகம்) – றெக்டாங்குலர் பிரிஸம்
உருளை – சிலிண்டர்
கூம்பு – கோன்
கூம்பகம் – பிரமிட்
கோளம் – ஸ்பியர்
முகம் – ஃபேஸ், விளிம்பு – எட்ஜ், உச்சி – வேர்ட்டெக்ஸ் (பலவென்றால் வேர்ட்டிசீஸ்)

குசினியே போதும். பால்மாப் பேணி உருளை. தேசிக்காயும் பந்தும் கோளத்துக்குக் கிட்ட. சீரியல் பெட்டியைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்: முகம் 6, விளிம்பு 12, உச்சி 8. அதே பெட்டியை ஒட்டு விடுத்து விரித்தால், இங்கே நெற் என்று சொல்லும் விரிப்பு உருவம் வரும். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

4. ஏமாற்றும் சொற்கள்

பிள்ளைகள் கூடுதலாக இடறுவது இதில்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

றைற் ஆங்கிள்: றைற் என்றால் வலது, அல்லது சரி என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். கோணம் இடப்பக்கம் திறந்திருந்தால் "லெஃப்ட் ஆங்கிள்" என்று எழுதிய பிள்ளையைக் கண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திறந்தாலும் 90 பாகை என்றால் றைற் ஆங்கிள்தான்.

ட்ரான்ஸ்லேஷன்: நம் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கேட்டுப் பழகியவர்கள். அங்கே அது மொழிபெயர்ப்பு. கணித வகுப்பில், ஓர் உருவத்தைத் திருப்பாமல் சுழற்றாமல் வேறிடத்துக்கு நகர்த்துவது. கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டுவது றிஃப்ளெக்ஷன், அதாவது தெறிப்பு. சுழற்றுவது றொட்டேஷன். சிறு வகுப்பில் இவற்றையே ஸ்லைட், ஃப்ளிப், டேர்ண் என்பார்கள்.

டிகிறி: குளிர் காலத்தில் ரீவியில் தினமும் கேட்கும் சொல். கோணத்தில் அது பாகை.

வொலியூம்: ரீவியின் சத்தம் அல்ல, கனவளவு.

ஏரியா: நாங்கள் இருக்கும் இடம் அல்ல, பரப்பளவு. சுற்றளவு பெரிமீட்டர். இந்த இரண்டையும் மாறிப் போடுவார்கள். அச்சிடும் தாள் ஒன்றை எடுங்கள். இங்கே பாவிப்பது ஏ4 அல்ல, லெட்டர் அளவு. ஏறக்குறைய 28 சென்ரிமீற்றர் நீளம், 22 சென்ரிமீற்றர் அகலம். ஓரத்தைச் சுற்றி எறும்பு நடந்தால் 28+22+28+22 = 100 சென்ரிமீற்றர். அது பெரிமீட்டர். தாள் முழுவதையும் மூட 28 × 22 = 616 சதுர சென்ரிமீற்றர். அது ஏரியா.

ட்ரபிசோயிட்: இதில் பிழைவிட்டவள் நான். தொண்டராகச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பிள்ளைக்கு, ஊரில் ஆங்கிலப் புத்தகத்தில் நான் படித்தபடி "ட்ரபீசியம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் அப்படியே எழுதிப் பிழை வாங்கி வந்து, "நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்" என்று அழுதாள். பிரித்தானிய ஆங்கிலத்தில் சரிவகம் ட்ரபீசியம். வட அமெரிக்காவில் ட்ரபிசோயிட். இதேபோல் ஊரில் கியூபொயிட் என்று படித்த கனவுருவை இங்கே றெக்டாங்குலர் பிரிஸம் என்பார்கள். மத்ஸ் என்பதும் இங்கே மத்.

டயமண்ட்: சின்ன வகுப்பில் சாய்சதுரத்தை டயமண்ட் என்பார்கள். மேல் வகுப்பில் றொம்பஸ் என்றே எழுத வேண்டும்.

இன்னும் இரண்டு. நாங்கள் கொம்பாஸ் பெட்டி என்பது இங்கே ஜியோமெற்றி செற். அழிறப்பரை "றப்பர்" என்று வகுப்பில் கேட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரேசர் என்று கேட்கச் சொல்லுங்கள்.

5. றிச்மண்ட் ஹில்லில் ஒரு நடை

பாடசாலைக்குப் போகும் வழியிலும் பாடம் இருக்கிறது. ஸ்ரொப் அடையாளம் எண்கோணி, ஒக்டகன். வழிவிடு என்ற யீல்ட் அடையாளம் தலைகீழான முக்கோணி. பாடசாலைக்குக் கிட்ட உள்ள அடையாளம் ஐந்து பக்கம், பென்டகன். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளை டயமண்ட் என்று சொல்லும். செங்கோணத் தாளை மூலையில் வைத்துப் பார்த்ததாக நினைக்கச் சொல்லுங்கள். அது மூலையில் நிற்கும் சதுரம். உருவத்தைத் திருப்பினால் பெயர் மாறாது. சோதனைகளில் இதை வைத்துக் கேள்வி வரும். ஒரு டொலர்க் குற்றி, லூனி, வட்டம் அல்ல. மூலைகளை எண்ணுங்கள்: 11.

யங் வீதியும் பேவியூவும் சமாந்தரம். 16ஆவது அவெனியூவும் மேஜர் மெக்கென்ஸியும் சமாந்தரம். யங்கும் மேஜர் மெக்கென்ஸியும் சந்திக்கும் இடத்தில் செங்குத்து. பழைய நில அளவையாளர்கள் இந்தப் பெரிய றோட்டுகளை 100 சங்கிலி இடைவெளியில் குறித்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. ஊரில் காணி அளக்கும் அதே சங்கிலிதான். 100 சங்கிலி ஏறக்குறைய 2 கிலோமீற்றர். ஆகவே இந்த நான்கு றோட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சதுரம். சுற்றி வந்தால் 8 கிலோமீற்றர். பரப்பளவு 4 சதுர கிலோமீற்றர்.

அந்தச் சதுரத்துக்குள்ளே ஒரு வெள்ளைக் குவிமாடம் தெரியும். அது 1935 இல் திறக்கப்பட்ட டேவிட் டன்லப் வான் ஆய்வுநிலையம். குவிமாடத்தைப் பிள்ளைக்கு அரைக்கோளம், ஹெமிஸ்பியர், என்று காட்டுங்கள். உள்ளே இருக்கும் தொலைநோக்கியின் வட்டக் கண்ணாடிக்கு விட்டம் 1.88 மீற்றர். அப்படியென்றால் ஆரை எவ்வளவு? பாதி. 0.94 மீற்றர்.

6. எப்படிச் சொல்லிக் கொடுப்பது

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், மூன்று சொல். அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் பொருளைக் காட்டுங்கள். இரண்டாவது, தமிழில் பெயர் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்கினால் முகம் மலரும். மூன்றாவது, ஆங்கிலச் சொல்லை நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். உச்சரிப்பைப் பிள்ளை திருத்தினால் கோபிக்காதீர்கள். கொப்பியில் ஒரு பக்கத்தில் படம், நடுவில் தமிழ், மற்றப் பக்கத்தில் ஆங்கிலம்.

இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் கணிதப் புத்தகங்களை அதன் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒரே புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. படங்களும் பாட வரிசையும் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆனால் அது பிரித்தானிய ஆங்கிலம். ட்ரபீசியம் கதையை மறக்காதீர்கள். யங் – மேஜர் மெக்கென்ஸி சந்திக்குக் கிட்ட உள்ள மத்திய நூலகத்தில் சிறுவர் கணிதப் புத்தகங்கள் உண்டு. றிச்மண்ட் ஹில்லில் வசிப்போருக்கு நூலக அட்டை இலவசம். விலாசத்துக்கு ஓர் ஆதாரம் கொண்டு போங்கள்.

தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே படிக்கச் சொல்லட்டோ என்று கேட்கிறார்கள். வேண்டாம். கருத்து இருப்பது தமிழில். அந்த வேரில்தான் புதுச் சொல் ஒட்டும். இன்னொன்றும் இருக்கிறது. வந்த நாளில் இருந்து பிள்ளை எங்களுக்காகக் கடையில் பேசுகிறது, கடிதம் வாசிக்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். விரிகோணம் என்றால் என்னவென்று நீங்கள் மடித்துக் காட்டும் அந்தப் பதினைந்து நிமிடம், நீங்கள் மறுபடியும் பெரியவர்.

7. வகுப்பு ரீச்சரிடம் சொல்ல

இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"மை சைல்ட் லேர்ண்ட் திஸ் இன் டமில்." – என் பிள்ளை இதைத் தமிழில் படித்திருக்கிறது.
"ப்ளீஸ் ஷோ அ பிக்சர்." – தயவுசெய்து படத்தைக் காட்டிக் கேளுங்கள்.
"கேன் மை சைல்ட் யூஸ் அ வேர்ட் லிஸ்ட்?" – சொற்பட்டியலைப் பார்க்க விடுவீர்களா?

பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் பாடசாலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையின் குறையைப் பிள்ளையின் வாயாலேயே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

8. பயிற்சி

அ. சதுரத்துக்குச் சமச்சீர் அச்சு எத்தனை?
ஆ. சதுரம் அல்லாத செவ்வகத்துக்கு எத்தனை?
இ. சாய்சதுரமோ செவ்வகமோ அல்லாத இணைகரத்துக்கு எத்தனை? தாளில் வெட்டி மடித்துப் பாருங்கள்.
ஈ. முக்கோணியின் இரண்டு கோணங்கள் 50, 60 பாகை. மூன்றாவது எவ்வளவு? அது என்ன வகைக் கோணம்?
உ. எல்லாச் சதுரமும் செவ்வகமா?

விடைகள்: அ. 4. ஆ. 2. இ. ஒன்றுமில்லை. பெரியவர்களும் 2 என்று சொல்லிப் பிழைவிடும் கேள்வி இது. ஈ. 70 பாகை, அக்யூட். முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180. உ. ஆம். நான்கு செங்கோணம் இருந்தால் செவ்வகம்தான்.

தொடக்கத்தில் சொன்ன பையனைப் பற்றிக் கேட்பீர்கள். தாயோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதி வகுப்பு ரீச்சருக்கு அனுப்பினோம். அவரும் சொற்பட்டியலை மேசையில் வைத்திருக்க விட்டார். அடுத்த சோதனையில் பத்துக்கு ஏழு. பிழைத்த மூன்றில் ஒன்று சரி என்று என்னோடு அரை மணித்தியாலம் வாதாடினான். வாயே திறக்காமல் இருந்த பிள்ளை. எனக்கு அதுவே போதும்.

உங்கள் பிள்ளையின் தாளிலும் விளங்காத சொல் இருந்தால், அடுத்த முறை படிவங்களோடு அதையும் கொண்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.